புருவத்தைத் தாண்டிய கோடு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். காதைத் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்கு. உன் முதுகுவலி எப்படி இருக்கு? நாள் முழுக்கக் குனிஞ்சு காசையே பார்த்துக்கிட்டிருந்தா முதுகு பாவம் என்ன செய்யும்? போன்ல நீ கத்தி, நான் கத்தி, நம்ம குடும்ப விஷயம் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியுது. அதனால கடிதமே மேல்.

என் வீட்டுக்காரர், உன் மாமா, போய் நேத்தோட அஞ்சு மாசம். பரண்ல தண்ணிக் குழாய் கசியுதுன்னு ஆளைக் கூப்பிட்டேன். அவன் குழாய்க்குப் பின்னாலேர்ந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். மூடியைச் சுத்தி ரெண்டு சுத்து டேப். பிரிச்சா உள்ளே ஒன்பது காசு. ஒன்னுகூட உருப்படியா இல்லை. ஒன்னுல ஓரம் கடிச்ச மாதிரி குறையுது, ஒன்னுல தலை ரெண்டு தடவை விழுந்திருக்கு, இன்னொன்னு பாதி மொட்டை. கடையில நீட்டினா என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பான். தூக்கிப் போடத்தான் இருந்தேன். இந்த மாதிரி பிழைக் காசுக்கு விலை சொல்றதுதானே உன் தொழில்னு அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. பல்பொடி போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவி ஒன்னை இதோட வச்சிருக்கேன். ஏதாவது தேறுமான்னு சொல்லு.

இன்னொரு விஷயம், சிரிக்காதே. நேத்து சாயங்காலம் உன் மாமா வேலை பார்த்த காசு அடிக்கிற ஆலையில சங்கு ஊதினப்போ ஜன்னல்கிட்ட நின்னேன். எதிர் விளக்குக் கம்பத்துல அவரோட சிநேகிதர் தராசுக்காரர் சாஞ்சு நின்னார், கையில அதே டிபன் டப்பா. "ஐயோ பாவம், இன்னும் வீட்டுக்குப் போகலையா"ன்னு நினைச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போய்ட்டேன். பால் பொங்கினப்போதான் ஞாபகம் வந்துச்சு. அந்த மனுஷன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே! திரும்பி வந்து பார்த்தேன், கம்பம் மட்டும்தான் இருந்துச்சு.

வயசாகுது எனக்கு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியோட வணக்கம். முதுகு இருக்கிற இடத்துல இருக்கு, வலியும் அது இருக்கிற இடத்துல இருக்கு. நீ மருந்தை மறக்காம போட்டுக்கோ.

அக்கா, உனக்குக் கோடி புண்ணியம், இனிமே எந்தக் காசையும் கழுவாதே! பல்பொடி போட்டுத் தேய்ச்சு நீ அதுக்குப் பல்லு விளக்கி விட்டிருக்கே. எங்க தொழில்ல கழுவின காசும் கிழிஞ்ச துணியும் ஒன்னு. அழுக்குதான் காசோட ஜாதகம். அதை வச்சுத்தான் அது எத்தனை கை மாறிச்சு, எங்கே தூங்கிச்சுன்னு நாங்க சொல்றோம்.

ஆனா காசு நிஜமான பிழைக் காசு. பத்துப் பேர் கொண்டு வந்தா ஒன்பது பேரோடது வீட்டுல சுத்தியலால தட்டினது, ரயில் தண்டவாளத்துல வச்சது. இது ஆலைக்குள்ளேயே பிழையாப் பிறந்தது. எப்படித் தெரியும்னு கேட்பே. தலை உருவத்துக்கு மேலே, முடி ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு இருக்கும் பாரு. அடிக்கிற அச்சுல விரிசல் விட்டா காசுல அது கோடா விழும். நகத்தால தடவினா மேடாத் தட்டுப்படும். கீறல்னா பள்ளமா இருக்கும், விரிசல்னா மேடு. அச்சை மாத்துற வரைக்கும் விரிசல் நாளுக்கு நாள் நீளும், ஒருநாளும் குறையாது. ஒரே அச்சுல அடிச்ச காசை வரிசையா வச்சா எது முன்னே, எது பின்னேன்னு பட்டுப் பட்டுன்னு சொல்லிடலாம். காசைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் நிக்காதுன்னு உனக்குத்தான் தெரியுமே.

மிச்ச எட்டையும் மொத்தமா அனுப்பு. நான் நல்ல இடத்துல கொடுத்துத் தரேன். அங்கே யார்கிட்டயும் காட்டாதே, ஊர் வாய் சும்மா இருக்காது. தபால்ல காசை மாத்தி வைக்கிற ஆளுங்க இருக்காங்க. அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னு மேலேயும் மெல்லிசு காகிதம் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்து வச்சுக்கோ. அந்தப் படம் உன்கிட்ட இருந்தா எவனும் உன்னை ஏமாத்த முடியாது.

தராசுக்காரர் விஷயம், கண்ணாடியை மாத்து. அவ்வளவுதான்.

உன் தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பேன்னு நம்புறேன். கழுவினதுக்கு என்னை இவ்வளவு திட்டுவேன்னு தெரிஞ்சிருந்தா உனக்கும் சேர்த்து ஒரு கை பல்பொடி அனுப்பியிருப்பேன்.

உன் கடிதம் வந்த நாள்லேர்ந்து எனக்குப் பொழுது போகுது. வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட அந்தக் கண்ணுல மாட்டுற லென்ஸை இரவல் வாங்கினேன். ஒத்தைக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நான் உட்கார்ந்த லட்சணத்தை நீ பார்த்திருக்கணும். எட்டுக் காசுலயும் அந்தக் கோடு இருக்குடா! எல்லாம் ஒரே அச்சு. படுக்கை விரிப்பு மேலே வரிசையா வச்சேன். உனக்கு அனுப்பினதுல முடி ஓரத்துல மொளைச்ச மாதிரி கொஞ்சூண்டு. அடுத்ததுல நெத்திக்கு வருது. அப்படியே இறங்கி இறங்கி எட்டாவதுல புருவத்துல நிக்குது. ஒன்பதாவதைப் பார்த்ததும் லென்ஸைத் துடைச்சுட்டு மறுபடியும் மாட்டினேன். அதுல மட்டும் கோடு கண்ணைப் பிளந்து, கன்னத்துல இறங்கி, உதடு வரைக்கும் போயிருக்கு. அந்தத் தலை வாயைத் திறந்து என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு. மொத்தமா அனுப்பப் பயமா இருந்ததால அதை மட்டும் இப்போ அனுப்புறேன். ஒரு பக்கம் பிறை நிலா மாதிரி வெறுமையா இருக்குமே, அதுதான். நீ சொன்னபடி பென்சில் படம் எடுத்து வச்சுக்கிட்டேன்.

ஒன்னு கேட்கணும். உன் மாமா நாலாம் நம்பர் அச்சு மெஷினைப் பார்த்துக்கிட்டவர். கேட்டுல நாக்குக்கு அடியிலகூடச் சோதனை பண்ணுவாங்க, ஒரு துகளை வெளியே கொண்டு வர முடியாதுன்னு அவர்தான் சொல்வார். அப்புறம் இந்த ஒன்பதும் எப்படி நம்ம பரண்ல வந்துச்சு?

தராசுக்காரர் மக வந்திருந்தா. என் ரவிக்கை எல்லாம் அவதான் தைக்கிறா. உனக்கு ஞாபகம் இருக்கும். ஆலையில காசு மூட்டையை நிறுக்கிற வேலை அவளோட அப்பாவுக்கு. உன் மாமாவுக்கு உசிர் சிநேகிதர், ரெண்டு பேரும் ஒன்னாத்தான் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி கேட்டுல திடீர் சோதனை நடந்தப்போ அவரோட டிபன் டப்பாவுல ஒரு பிழைக் காசு இருந்துச்சு. அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. ஆலை வாசல்ல திருட்டுக்காக நீக்கினவங்க பேரை எழுதின பலகை இருக்கில்லை, அதுல முதல் பேர் இன்னைக்கும் அவர்தான். இந்தப் பொண்ணு தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தையல் கடைக்குப் போறா. பேரை எடுங்கன்னு மூணு தடவை மனு கொடுத்தாளாம். ஆதாரம் கொண்டு வாங்கறாங்களாம். "மாமா ஏதாவது எழுதி வச்சுட்டுப் போயிருக்காரா அத்தை?"ன்னு கேட்கிறா.

சங்கு ஊதறப்போ இப்பவும் அவர் நிக்கிறார், தம்பி. கண்ணாடி மாத்தியாச்சு.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடையில வேலை தலைக்கு மேலே இருந்ததால தாமதம்.

நீ அனுப்பின இரண்டாவது காசு தேறாது. யாரோ பின்னாடி ஆணியால கீறி விளையாடியிருக்காங்க. அந்த ஒன்னு கூட இருந்தா மத்ததோட மதிப்பும் கெட்டுடும், அதனால நானே வச்சுக்கிறேன். மிச்ச ஏழையும் உடனே அனுப்பு.

தையல்காரப் பொண்ணு பாவம்தான். ஆனா பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நீ அதுல தலையிடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசைப் பத்தி நீ கேட்கலை, நானும் சொல்லலை.

எனக்கே காது குத்துறியாடா? கீறல்னா பள்ளம், விரிசல்னா மேடுன்னு யார் சொன்னா? நீ அனுப்பின கடிதம் இதோ மடியில இருக்கு. அந்த உதட்டுக் காசை நூறு தடவை நகத்தால தடவியிருப்பேன், மேல கீழ எங்கேயும் பள்ளமே இல்லை. காசைப் பத்தி நாலு பக்கம் அளக்கிறவன் இப்போ நாலே வரியில முடிக்கிறே. நான் கேட்ட கேள்வியை மென்னு முழுங்கிட்டே.

சரி, இதைக் கேளு. அந்தப் பொண்ணு நேத்து அவ அப்பாவோட குற்றப் பத்திரிகையைக் கொண்டு வந்தா. பிடிச்ச காசைத் திரும்ப உருக்கிடறதால ஆலையில அதோட பென்சில் படத்தைத் தாள் ஓரத்துல எடுத்து வைப்பாங்களாம், நீ எனக்குச் சொன்ன மாதிரியே. லென்ஸை மாட்டிக்கிட்டுப் பார்த்தேன். அதே தலை, அதே கோடு. புருவத்துல நிக்குது. தேதி ஆகஸ்ட் மூணு.

மூணாம் தேதி கோடு புருவத்துல இருக்கு. அன்னைக்கே அவரை வெளியே அனுப்பியாச்சு. அப்போ உதடு வரைக்கும் கோடு போன காசு அதுக்கு அப்புறம் அடிச்சதுதானே? தராசுக்காரர் உள்ளே இல்லாதப்போ யாரோ எடுத்திருக்காங்க. யாரோன்னு எழுதுறேன் பாரு. டப்பா என் வீட்டுப் பரண்லதான் இருந்துச்சு.

பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ அழலை. "மத்த காசை மட்டும் காட்டினா எங்கப்பாதான் எடுத்துக் கொடுத்தார்னு சொல்லிடுவாங்க அத்தை. அந்த ஒன்னு வேணும்"னா. அவ சொல்றது சரி. அந்த ஒரு காசுலதான் அந்த மனுஷனோட பேர் இருக்கு. நான் ஒருத்தி, அதைத் தூக்கி உனக்கு அனுப்பி வச்சிருக்கேன்.

திருப்பி அனுப்பு. பதிவுத் தபால்ல அனுப்பு.

உன் அக்கா


மே 12

பாசமுள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே வெயில் ஆளைக் கொல்லுது. கோபமா இருப்பேன்னு தெரியும். நீ கேட்ட காசை இதோட அனுப்பிட்டேன். திருப்திதானே?

அக்கா, தனியா அந்த வீட்டுல கிடந்து எதையெதையோ நினைச்சுக் குழப்பிக்கிறே. வீட்டை வித்துட்டு இங்கே வந்துடு. கடை மாடியில ரெண்டு அறை சும்மாத்தான் இருக்கு. ஆலைச் சங்கு இல்லை, அந்தக் கம்பம் இல்லை. சின்ன வயசுல மாதிரி ஒன்னா உட்கார்ந்து சாப்பிடலாம். ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களை நிம்மதியா இருக்க விடு. மாமா பேரைக் கெடுத்துத்தான் தராசுக்காரர் பேரைப் பலகையிலேர்ந்து எடுக்கணுமா? மாமா உன் வீட்டுக்காரர் அக்கா.

ஒன்னே ஒன்னு கேட்கிறேன், தப்பா நினைக்காதே. கம்பத்துக்கிட்ட நிக்கிறாரே, டப்பா எந்தக் கையில இருக்கும்? சட்டையில மேல் பட்டன் இருக்குமா, இல்லையா?

உன் தம்பி


மே 20

தம்பிக்கு,

நலமான்னு விசாரிச்சுத் தொடங்கணும். இந்தத் தடவை அதுக்கு மனசு வரலை.

நீ அனுப்பினது என் காசு இல்லை. பென்சில் படத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பிறை இருக்கு, ஆனா என்னோடதைவிட அகலம். கோடு இருக்கு, ஆனா புருவத்துக்கு மேலேயே நின்னுடுச்சு. கண்ணும் முழுசா இருக்கு, உதடும் முழுசா இருக்கு. படம் கையில இருந்தா எவனும் ஏமாத்த முடியாதுன்னு சொன்னியே, அந்த எவனும்ல நீயும் ஒருத்தன்னு நான் நினைக்கலை.

மாத்தினதுகூடப் பெருசு இல்லை. மாத்துறதுக்கு உன்கிட்ட இது எப்படிடா இருந்துச்சு? அதே அச்சு, அதே நாலாம் நம்பர் மெஷின். உன் மாமா கையால அடிச்சு வெளியே வந்த காசு இத்தனை வருஷமா உன் பெட்டியில உட்கார்ந்திருக்கு. நாக்குக்கு அடியில தேடுற ஆலையிலேர்ந்து அவர் எதுக்காகக் கொண்டு வந்தார், யாருக்காகக் கொண்டு வந்தார்னு இப்போ புரியுது. காசைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? பிழைக் காசுக்கு விலை உண்டுன்னு அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

என் வீட்டுப் படியை நீ கடைசியா எப்போ ஏறினே? யோசிச்சுப் பார்த்தேன். பதினாலு வருஷம். மாமா போன அன்னைக்குக்கூடத் தெருவுலேயே நின்னுட்டு அடுத்த பஸ்ஸுல போய்ட்டே. லீவு இல்லைன்னு சொன்னே. சொந்தக் கடைக்கு யார்கிட்டடா லீவு கேட்கணும்?

டப்பா இடது கையில இருக்கும். மேல் பட்டன் இல்லை. அவர் பொண்ணு தையல் கத்துக்கிட்ட பிறகு தைச்சுத் தரேன்னு சொல்லியும் அவர் விடலை. இதை நான் உனக்கு எழுதினதே இல்லை. நீ எதுக்குக் கேட்கிறே?

அக்கா


ஜூன் 25

தம்பிக்கு,

அஞ்சு வாரம் ஆச்சு. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கே.

ஜூலை பதினஞ்சாம் தேதி ஆலை மேலாளர் எங்களைப் பார்க்கிறேன்னு நேரம் கொடுத்திருக்கார். காசு வந்தாலும் வராட்டியும் நான் போவேன். வராட்டி அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரும்பி வருவா, பலகையைத் தாண்டி.

இதை எழுதிக்கிட்டு இருக்கறப்போ சங்கு ஊதுது. கதவைத் தட்டினா கேட்காத இந்தக் காதுக்கு அது மட்டும் கேட்குது. அவர் வந்துட்டார். இத்தனை நாளா ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருப்பார். இன்னைக்கு நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறார். எனக்குப் பயமா இல்லைடா, வெட்கமா இருக்கு.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

எப்படி இருக்கேன்னு கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் காசு உள்ளே இருக்கு, நீ முதல்ல அனுப்பின முடி ஓரக் காசும்தான். படத்தை வச்சுப் பார்த்துக்கோ. என்கிட்ட இருந்த அந்த அச்சுக் காசு மிச்சம் நாலையும் வச்சிருக்கேன்.

மாமாவை நான்தான் கெடுத்தேன். வெளியே வீசுற குப்பைக்கு இவ்வளவு மதிப்பான்னு அவர் குழந்தை மாதிரி கேட்டார். முதல்ல ஒன்னு கொண்டு வந்தார், விளையாட்டு மாதிரி. அப்புறம் நான் கேட்கக் கேட்கக் கொண்டு வந்தார். கேட்டுல திடீர்ச் சோதனை வந்தா என்னடா பண்றதுன்னு ஒருநாள் பயந்தார். "பக்கத்துல நிக்கிறவன் டப்பாவுல போட்டுட்டுப் போங்க மாமா"ன்னு நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சத்தியமா விளையாட்டாத்தான் சொன்னேன் அக்கா. ஆகஸ்ட் மூணாம் தேதி வரிசையில அவர் பக்கத்துல நின்னது தராசுக்காரர்.

இதோட நின்னிருந்தா மனுஷன். நான் நிக்கலை. இப்போ யாரும் உங்களைச் சந்தேகப்பட மாட்டாங்க, காசை வாங்க ஒரு ஆள் காத்திருக்கான், இன்னும் ஒன்னே ஒன்னுன்னு நச்சரிச்சேன். எட்டு நாள் கழிச்சு எடுத்தார். அதுதான் உதட்டுக் காசு. அதைக் கொண்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றப்போ கம்பத்துக்கிட்ட தராசுக்காரர் நின்னாராம். வேலை போனதை வீட்டுல சொல்லாம, தினமும் டப்பாவோட கிளம்பி, எங்கெங்கேயோ சுத்திட்டு, சங்கு ஊதற நேரத்துக்கு சிநேகிதனோட சேர்ந்து வீட்டுக்கு நடக்கலாம்னு வந்து நின்னிருக்கார். மாமாவைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டிருக்கார். மாமா பதில் சொல்லாம உள்ளே வந்து ஜன்னலைச் சாத்திட்டார்.

அதுக்கப்புறம் ஒரு காசைக்கூட அவர் எனக்குத் தரலை. நான் வந்து சண்டை போட்டேன், நீ கோயிலுக்குப் போயிருந்தே. "இந்தப் படியை இனிமே மிதிக்காதே"ன்னார். பதினாலு வருஷமா மிதிக்கலை.

பட்டனைப் பத்தி எதுக்கு விசாரிச்சேன்னு கேட்டே. அந்த உதட்டுக் காசு என் மேசைக்கு வந்த மறுநாள்லேர்ந்து எதிர்க் கடை ஷட்டர் ஓரமா ஒருத்தர் நிக்கிறார். சாயங்காலம் நாலரைக்கு வருவார். இடது கையில டப்பா. இந்த ஊர்ல சங்கே கிடையாது அக்கா, எனக்கு ஊதற சத்தம் கேட்குது. மேசையைத் திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்குப் பலகை அடிச்சேன். பலகைக்கு அந்தப் பக்கம் நிக்கிறார்னு தெரியுது. காசை அனுப்பிட்டா போயிடுவாரா? சொல்லு அக்கா. போயிடுவார்தானே?

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். இதை எழுத ரெண்டு நாள் யோசிச்சேன். யோசிச்சும் வேற வார்த்தை வரலை. கூடப் பிறந்தவனாச்சே.

காசு வந்துச்சு. படத்தோட ஒத்துப் போச்சு. நானும் அந்தப் பொண்ணும் பதினஞ்சாம் தேதி போனோம். மேலாளர் மேசையில ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு முடி ஓரத்துலேர்ந்து உதடு வரைக்கும் வரிசையா வச்சேன். நீ எனக்கு எழுதினதை அப்படியே அவருக்கு ஒப்பிச்சேன். அவர் பழைய அச்சுக் கணக்கு நோட்டை வரவழைச்சார். நாலாம் நம்பர் அச்சை ஆகஸ்ட் பன்னிரண்டுதான் மாத்தியிருக்காங்க. கடைசிக் காசு உங்க வீட்டுல எப்படிம்மான்னு கேட்டார். "எடுத்தது என் வீட்டுக்காரர். சிநேகிதன் டப்பாவுல போட்டதும் அவர்தான்"னு சொன்னேன். முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனை அப்படிச் சொல்லிட்டு எழுந்திருக்க முடியலை. அந்தப் பொண்ணுதான் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டா. அவ அப்பாவைக் கெடுத்தவரோட பொண்டாட்டி கையை.

விசாரணை நடக்குமாம். அதுவரைக்கும் பேரை மறைச்சு வைக்கிறோம்னு மறுநாளே ஆள் வந்து அந்த வரி மேல வெள்ளை அடிச்சான். பொண்ணு நின்னு பார்த்துட்டு, காயறதுக்குள்ள விரலால தொட்டுப் பார்த்தா. அந்த விரலோடயே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பதினாலு வருஷத்து அழுகையை அழுதா. நான் தண்ணி கொடுத்தேன். வேற என்ன கொடுக்க முடியும்?

என் வீட்டுக்காரர் யாருக்கு வித்தார்னும் மேலாளர் கேட்டார். உன் பேரை நான் சொல்லலை. உன்னைக் காப்பாத்தன்னு நினைச்சுக்காதே. உன் மாமா செத்துட்டார், அவருக்குப் பதிலா நான் பேசினேன். உனக்கு வாய் இருக்கு. நீ வந்து சொல்ற வரைக்கும் மேலாளர் எழுதின விசாரணைத் தாள்ல ஒரு வரி காலியாத்தான் இருக்கும். அடுத்த மாசம் ஏழாம் தேதி விசாரணை.

போயிடுவாரான்னு கேட்டியே. வெள்ளை அடிச்ச அன்னைக்கு சாயங்காலம் சங்கு ஊதுச்சு. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். கம்பத்துக்கிட்ட யாரும் இல்லை. மறுநாளும் இல்லை. இன்னைக்கும் பார்த்தேன், இல்லை. இங்கே அவருக்கு வேலை முடிஞ்சுடுச்சுன்னு நினைக்கிறேன்.

அங்கே முடியலை போலிருக்கு. ஜன்னல்ல அடிச்ச பலகையைப் பிடுங்கிப் போடு. அவர் யாரையும் ஒன்னும் செய்ய மாட்டார்டா. வேலை போன அன்னைலேர்ந்து சாகுற வரைக்கும் அந்த டப்பாவை அவர் திறக்கவே இல்லையாம், காலையில கட்டினது அப்படியே சாயங்காலம் திரும்பி வருமாம். பொண்ணு சொன்னா. நாலரை மணிக்குக் கடையை விட்டு இறங்கி எதிர்ப் பக்கம் போ. உன் மாமா பதில் சொல்லாம ஜன்னலைச் சாத்திட்டு வந்தார். நீயாவது அவர்கிட்ட "சாப்பிட்டீங்களா?"ன்னு கேளு.

கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வா. படி ஏறலாம், கதவு திறந்துதான் இருக்கு.

உன் அக்கா